புலன்களும் நடத்தையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புலன்கள் என்றதும் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருந்த கண், காது, மூக்கு, நாக்கு, தோல் படம்தான் பலருக்கு நினைவு வரும். அந்தப் படத்தில் அம்புக்குறிகள் எல்லாம் மூளையோடு நின்றுவிடும். மூளையிலிருந்து கைகால்களுக்கும், அங்கிருந்து மறுபடியும் புலன்களுக்கும் போகும் பாதையை யாரும் வரைவதில்லை. இங்கே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்த விடுபட்ட பாதையைப் பற்றியவை.

புலன்கள் எதற்கு? உலகத்தைத் தெரிந்துகொள்ளத்தானே?

தெரிந்துகொள்வது பாதி வேலைதான். தெரிந்துகொண்டு அடுத்து என்ன செய்வது என்பதற்காகவே புலன்கள் உருவாகியிருக்கின்றன. இதை மிக எளிய உயிரில் பார்த்தால் தெளிவாகப் புரியும். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு மூளை கிடையாது, நரம்பு கிடையாது, ஒரே ஒரு செல். ஆனாலும் அது சர்க்கரை இருக்கும் பக்கம் நீந்திப் போகிறது. அதன் மேற்பரப்பில் சில வேதிப்பொருள்களைப் பிடிக்கும் புரதங்கள் உண்டு. சில விநாடிகளுக்கு முன் இருந்த அளவையும் இப்போதைய அளவையும் அது ஒப்பிடுகிறது. சர்க்கரை கூடிக்கொண்டே போனால் நேராக நீந்துகிறது. குறைந்தால் ஒரு குட்டிக்கரணம் போட்டு வேறு திசையில் கிளம்புகிறது. உணர்வதும் செய்வதும் அங்கே ஒரே இயந்திரம்.

கடல் பீச்சி என்ற உயிரினம் இன்னொரு வகையில் இதையே காட்டுகிறது. குஞ்சாக இருக்கும்போது அதற்கு வெளிச்சத்தை உணரும் ஒரு புள்ளியும், மேல் கீழ் எது என்று சொல்லும் ஒரு சிறு உறுப்பும், நீந்த வாலும் இருக்கின்றன. பாறையில் ஒட்டிக்கொண்டு வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருக்கப்போகிறது என்று ஆனதும் அந்த வால், வெளிச்சப் புள்ளி எல்லாமே கரைந்து உடலுக்குள் போய்விடுகின்றன. நகராத உயிருக்கு அவற்றை வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

வெளிச்சமும் சத்தமும் மூளைக்குள் எப்படிப் போகின்றன?

போவதே இல்லை. மண்டையோட்டுக்குள் எப்போதும் இருட்டுதான், அங்கே சத்தமும் எட்டாது. மூளைக்குப் போய்ச் சேர்வது நரம்பில் ஓடும் சிறு மின்துடிப்புகள் மட்டுமே. வெளியே இருக்கும் ஒளி, அதிர்வு, அழுத்தம், சூடு, வேதிப்பொருள் ஆகியவற்றை மின்துடிப்பாக மாற்றிக் கொடுப்பதற்கென்றே தனித்தனிச் செல்கள் இருக்கின்றன. கண்ணின் விழித்திரையில் இருக்கும் கோல் செல்களில் ரொடாப்சின் என்ற நிறமி உண்டு. ஒளித்துகள் ஒன்று பட்டாலே அந்த மூலக்கூறின் வடிவம் மாறி, அதிலிருந்து ஒரு வேதித் தொடர் கிளம்பி, கடைசியில் செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. காதில் நடப்பது வேறு. செவிப்பறையின் அதிர்வு மூன்று குட்டி எலும்புகள் வழியாக உட்காதின் திரவத்துக்குப் போகிறது. அந்தத் திரவம் அசையும்போது மயிர் செல்களின் உச்சியில் இருக்கும் நுண்மயிர்கள் சாய்கின்றன. அவை சாய்ந்தால் செல்லில் ஒரு வாசல் திறந்து மின்னூட்டம் உள்ளே வருகிறது.

பிரிட்டனைச் சேர்ந்த எட்கர் ஏட்ரியன் 1920களில் தனி நரம்பு இழைகளில் ஓடும் துடிப்புகளைப் பதிவு செய்தார். துடிப்பில் பெரியது சிறியது என்ற பேதம் கிடையாது. வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் இல்லை. தூண்டல் பலமாக இருந்தால் ஒரு விநாடியில் வரும் துடிப்புகளின் எண்ணிக்கை கூடும். மெல்லத் தொட்டதா, பலமாக அழுத்தியதா என்ற வித்தியாசம் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையில் அடங்கியிருக்கிறது. இதற்காக 1932இல் சார்லஸ் ஷெரிங்டனோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எல்லாமே ஒரே மாதிரி துடிப்பு என்றால், இது வெளிச்சம், இது சூடு என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது?

எந்த நரம்பு வழியாக வந்தது என்பதை வைத்துத்தான். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய உடலியல் அறிஞர் யோஹான்னஸ் முல்லர் இதை அழுத்திச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு இமையின் ஓரத்தில் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். எதிர்ப் பக்கத்தில் ஒரு மங்கலான வெளிச்ச வளையம் தெரியும். அங்கே ஒளி எதுவும் இல்லை. விழித்திரையைத் தூண்டியது அழுத்தம்தான், ஆனால் செய்தி பார்வை நரம்பு வழியாக வருவதால் மூளை அதை வெளிச்சமாகவே எடுத்துக்கொள்கிறது.

மிளகாய் எரிவதும் இதே கதைதான். காரம் ஒரு சுவை கிடையாது. டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் 1997இல் டிஆர்பிவி1 என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. வலி நரம்புகளின் நுனியில் இருக்கும் இந்த வாசல் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும். மிளகாயில் உள்ள கேப்சைசின் பட்டாலும் திறக்கும். எதனால் திறந்தது என்று மூளைக்குத் தெரிய வழியில்லை, அதனால் 'சுடுகிறது' என்று சொல்கிறது, உடலும் வியர்க்கிறது. புதினா வகைச் செடிகளில் உள்ள மெந்தால், குளிருக்குத் திறக்கும் டிஆர்பிஎம்8 என்ற இன்னொரு வாசலைத் திறந்துவிடுவதால்தான் வாய் ஜில்லென்று இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பறவைகளைப் பற்றியது. பறவைகளின் டிஆர்பிவி1 சூட்டுக்குத் திறக்கும், கேப்சைசினுக்குத் திறக்காது. அதனால் அவை மிளகாய்ப் பழத்தைச் சாதாரணமாகத் தின்று விதைகளைத் தூரத்தில் எச்சமிடுகின்றன. விதையைக் கடித்து நொறுக்கிவிடும் எலி போன்ற விலங்குகள் எரிச்சல் தாங்காமல் விலகிப் போகின்றன. ஒரே ஒரு புரதத்தில் இருக்கும் சிறு வேறுபாடு யார் தின்பது, யார் ஓடுவது, செடி எங்கே பரவுவது என்பதையெல்லாம் தீர்மானித்துவிடுகிறது.

புலன்கள் ஐந்துதானா?

ஐம்புலன் என்ற கணக்கு நம்மிடமும் பழையது, கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலிடமும் உண்டு. வெளியே தெரியும் உறுப்புகளை எண்ணினால் ஐந்துதான் வரும். ஆனால் நாம் நிற்பதும் நடப்பதும் பட்டியலில் இல்லாத புலன்களால்தான். உட்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. அவற்றை ஒட்டி இருக்கும் இரண்டு சிறு பைகள் ஈர்ப்புத் திசையையும் நேர்க்கோட்டு வேகமாற்றத்தையும் உணர்கின்றன. தசைகளிலும் மூட்டுகளிலும் இருக்கும் உணரிகள் கைகால் எங்கே எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. பசி, தாகம், மூச்சுத் திணறல், நெஞ்சுத் துடிப்பு என உடலுக்குள் நடப்பதைச் சொல்லும் புலன்கள் தனி. வலியும் வெப்பமும் தொடு உணர்வோடு சேர்த்துச் சொல்லப்பட்டாலும் அவற்றுக்கு வேறு நரம்புகள், வேறு பாதைகள். ஆக மொத்தம் எத்தனை என்பது எப்படிப் பிரித்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது.

சமநிலைப் புலனின் வேகத்தை இப்போதே சோதிக்கலாம். இந்தப் பக்கத்தை அசையாமல் வைத்துக்கொண்டு தலையை இடம் வலமாக வேகமாக ஆட்டிக்கொண்டே படியுங்கள். படிக்க முடியும். அப்புறம் தலையை அசைக்காமல் பக்கத்தை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து குழம்பிவிடும். தலை ஆடும்போது உட்காதிலிருந்து கிளம்பும் செய்தி நூறில் ஒரு பங்கு விநாடி அளவிலேயே கண் தசைகளுக்குப் போய், கண்ணை எதிர்த் திசையில் திருப்பிவிடுகிறது. பக்கம் ஆடும்போது கண் பார்த்துவிட்டுத்தான் துரத்த வேண்டும், அது மெதுவான வழி.

கைகால் இருக்கும் இடத்தைச் சொல்லும் புலன் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆர்டம் பட்டபூட்டியனின் குழு 2010இல் பியெசோ என்ற அழுத்தம் உணரும் புரதங்களைக் கண்டறிந்தது. 2021இல் அவரும் ஜூலியஸும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பியெசோ2 பிறவியிலேயே வேலை செய்யாத சிலர் இருக்கிறார்கள். கண் திறந்திருக்கும்போது பார்த்துப் பார்த்துச் சமாளிக்கிறார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் நடக்கவும் ஒரு பொருளைக் கைநீட்டித் தொடவும் மிகவும் தடுமாறுகிறார்கள். தசை பலம் குறைந்ததால் வரும் தடுமாற்றம் இல்லை இது. தன் கை எங்கே என்று தெரியாததால் வருவது.

கண் கேமராவைப் போலத்தானே வேலை செய்கிறது?

முன்பகுதி மட்டும். லென்ஸ் உண்டு, திறந்து சுருங்கும் கண்மணி உண்டு, தலைகீழாக விழும் பிம்பமும் உண்டு. அதற்குப் பிறகு ஒப்பீடு உதவாது. ஏறக்குறைய 10 கோடி ஒளி உணரும் செல்கள் ஒரு கண்ணில் இருக்கின்றன, ஆனால் அங்கிருந்து மூளைக்குக் கிளம்பும் இழைகள் 10 லட்சம் அளவுதான். விழித்திரையே நிறையச் சலித்துவிட்டு, எங்கே விளிம்பு, எங்கே மாற்றம், எங்கே அசைவு என்பதைப் பெரிதாக்கி அனுப்புகிறது. கூர்மையாகத் தெரியும் பகுதியோ, கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் நகம் மறைக்கும் அளவுக்குத்தான். மற்ற இடமெல்லாம் மங்கல்.

அப்படியானால் அறை முழுவதும் தெளிவாகத் தெரிவதாக ஏன் தோன்றுகிறது? கண் ஒரு விநாடிக்கு மூன்று முறை போல இடம் விட்டு இடம் தாவிக்கொண்டே இருக்கிறது. எதைப் பற்றித் தெரிய வேண்டுமோ அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. தாவும் நேரத்தில் உலகம் மங்கிக் குழம்ப வேண்டும், ஆனால் மூளை அந்தக் கணங்களில் பார்வையை அடக்கி வைக்கிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் அசைவதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

நரம்பு இழைகள் கட்டாகச் சேர்ந்து கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளி உணரும் செல்களே இல்லை. இந்தக் குருட்டுப் புள்ளியை 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் எட்மே மாரியோத் விவரித்தார். ஒரு தாளில் 8 செ.மீ. இடைவெளியில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும் வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளியும் போடுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஏறக்குறைய 30 செ.மீ. தூரத்தில் கறுப்புப் புள்ளி காணாமல் போகும். அந்த இடத்தில் ஓட்டை தெரியாது, வெள்ளைத் தாள்தான் தெரியும். சுற்றியிருப்பதை வைத்து மூளை நிரப்பிக்கொள்கிறது.

ஒரு புலன் இன்னொரு புலனை ஏமாற்றுமா?

ஏமாற்றுவது என்பதைவிடப் பேசிவைத்துக்கொள்வது என்று சொல்வேன். ஹாரி மெகர்க், ஜான் மக்டொனால்ட் இருவரும் 1976இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 'பா' என்று ஒலிக்கும் குரலை, 'கா' என்று உதடசைக்கும் முகத்தோடு சேர்த்துக் காட்டினால், பெரும்பாலோர் காதில் 'டா' என்று விழுகிறது. கண்ணை மூடினால் 'பா' திரும்பி வந்துவிடும். விஷயம் தெரிந்த பிறகும் இது மாறாது. பேச்சைக் கேட்கும் வேலையில் கண்ணுக்கும் பங்கு உண்டு என்பதை மூளை நம்மைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டது.

1998இல் மாத்யூ பாட்வினிக்கும் ஜோனத்தன் கோஹனும் செய்தது இன்னும் விசித்திரம். ஒருவரின் நிஜக் கையை மறைத்து, எதிரே ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். சில நிமிடங்களில் அந்த ரப்பர் கை தன்னுடையது என்ற உணர்வு வந்துவிடுகிறது. 'என் உடல்' என்ற அடிப்படை உணர்வே கண்ணும் தோலும் ஒத்துப்போவதை வைத்து ஒவ்வொரு கணமும் கட்டப்படுகிறது என்று இதிலிருந்து தெரிகிறது. துண்டிக்கப்பட்ட கை வலிப்பதாகச் சொல்பவர்களுக்கு வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கண்ணாடிப் பெட்டி முறையைக் கொண்டுவந்ததும் இந்த வழியில்தான். இருக்கும் கையின் பிம்பத்தை, இல்லாத கையின் இடத்தில் பார்க்க வைத்தார். சிலருக்கு இறுகிக் கிடந்த அந்த இல்லாத கை விரிந்ததுபோல் இருந்தது.

உணர்வதற்கும் செயலுக்கும் இடையில் எவ்வளவு நேரம் ஆகிறது?

சத்தம் கேட்டு ஒரு பொத்தானை அழுத்த 0.15 விநாடி அளவு, வெளிச்சம் பார்த்து அழுத்த 0.2 விநாடி அளவு. காது முந்துவதற்குக் காரணம், விழித்திரையின் வேதித் தொடர் மெதுவானது, மயிர் செல்லின் வாசலோ நேரடியாகத் திறப்பது. ஓட்டப் பந்தயங்களில் துப்பாக்கி ஒலித்து 0.1 விநாடிக்குள் ஒருவர் கிளம்பிவிட்டால் அது தவறான தொடக்கம் என்று உலகத் தடகள விதி சொல்கிறது. அதற்குள் ஒருவர் சத்தத்தைக் கேட்டுக் கிளம்பியிருக்க முடியாது, ஊகித்துக் கிளம்பியிருக்கிறார் என்பதே பொருள்.

சூடான பொருளில் கை பட்டதும் இழுத்துக்கொள்வது வேறு பாதை. செய்தி தண்டுவடம் வரை போய் அங்கேயே திரும்பித் தசைக்கு வந்துவிடுகிறது. மூளைக்கு வலி தெரிவதற்குள் கை விலகத் தொடங்கிவிடும். அப்புறம் வலியும் இரண்டு தவணையாக வருகிறது. சுருக்கென்ற முதல் வலியைக் கொண்டுவரும் இழைகள் விநாடிக்கு 5 மீட்டருக்கும் மேலான வேகத்தில் கடத்துகின்றன. பின்னால் வரும் மந்தமான எரிச்சலைக் கொண்டுவரும் இழைகளின் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். கால்விரலை இடித்துக்கொண்டவர்களுக்கு அந்த இடைவெளி நன்றாகத் தெரிந்திருக்கும்.

தான் பார்ப்பதே தெரியாமல் ஒருவர் பார்த்து நடந்துகொள்ள முடியுமா?

முடியும். இந்தத் துறையில் இதைவிட ஆழமாக என்னை யோசிக்கவைத்த விஷயம் வேறில்லை.

லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸும் சக ஆய்வாளர்களும் 1974இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மூளையின் பின்பகுதியில் ஒரு பக்கத்துப் பார்வைப் பகுதி அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டதால், அவருக்கு எதிர்ப்புறம் எதுவும் தெரியவில்லை. அங்கே வெளிச்சம் காட்டி, எங்கே என்று குத்துமதிப்பாகக் கைகாட்டச் சொன்னார்கள். தனக்கு எதுவும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே அவர் சரியான இடத்தைக் காட்டினார். 2008இல் வெளியான இன்னொரு ஆய்வில், இரு பக்கப் பார்வைப் பகுதியும் பக்கவாதத்தால் சிதைந்த ஒருவர், பொருள்கள் இறைந்து கிடந்த நடைபாதையில் எதிலும் இடிக்காமல் விலகி விலகி நடந்து போனார். கேட்டால், பொருள்கள் இருந்ததே அவருக்குத் தெரியவில்லை.

இதன் மறுபக்கம் மெல்வின் கூடேலும் டேவிட் மில்னரும் ஆராய்ந்த ஒரு பெண். கார்பன் மோனாக்சைடு நச்சால் மூளை பாதிக்கப்பட்டு, பொருள்களின் வடிவத்தை அடையாளம் காணும் திறனை அவர் இழந்திருந்தார். ஒரு துளையிடுக்கு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கையில் இருக்கும் அட்டையை அதே கோணத்துக்குத் திருப்பிக் காட்டவும் வராது. ஆனால் அட்டையை அந்த இடுக்கில் போடச் சொன்னால், கை போகும் வழியிலேயே சரியாகத் திரும்பி உள்ளே போட்டுவிடும். 1992இல் அவர்கள் இருவரும் முன்வைத்த கருத்து இது: பார்வைச் செய்தி மூளைக்குள் இரண்டாகப் பிரிகிறது. கீழ்ப்புறம் போகும் பாதை 'இது என்ன' என்று அடையாளம் காண்கிறது, மேல்புறம் போகும் பாதை கையையும் காலையும் வழிநடத்துகிறது. இரண்டும் தமக்குள் நிறையப் பேசிக்கொள்கின்றன என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டினாலும், அடிப்படைப் பிரிவு இன்றும் நிற்கிறது. நாம் 'பார்க்கிறேன்' என்று உணர்வது பார்வையின் ஒரு பகுதி மட்டுமே. இன்னொரு பகுதி நம்மிடம் சொல்லாமலே உடலை நகர்த்திக்கொண்டிருக்கிறது.

பார்ப்பது பிறவியிலேயே வந்துவிடுமா, பழகித்தான் வருமா?

கண் பிறவியிலேயே வரும். பார்த்ததைக் கைகாலோடு பொருத்துவது செய்து செய்துதான் வரும்.

ரிச்சர்ட் ஹெல்டும் ஆலன் ஹெய்னும் 1963இல் வெளியிட்ட பூனைக்குட்டிச் சோதனை இதற்குப் பெயர்போனது. இருட்டில் வளர்ந்த இரண்டு குட்டிகளைத் தினமும் சிறிது நேரம் ஒரு சுழலும் கருவியில் வைத்தார்கள். ஒரு குட்டி தன் காலால் நடந்து கருவியைச் சுற்றியது. இன்னொன்று மறுமுனையில் தொட்டிலில் உட்கார்ந்தபடி சுற்றப்பட்டது. இரண்டின் கண்ணிலும் பட்ட காட்சி ஒன்றேதான். பிறகு சோதித்தபோது, நடந்த குட்டி இயல்பாக நடந்துகொண்டது. தூக்கிச் சுமக்கப்பட்ட குட்டி, தரையை நோக்கி இறக்கும்போது பாதத்தை நீட்டவில்லை, முகத்துக்கு நேரே ஏதாவது வந்தால் கண் சிமிட்டவில்லை, பள்ளம் எது மேடு எது என்று பிரித்துப் போகவில்லை. வெளிச்சத்தில் சுதந்திரமாக உலவ விட்ட பிறகு அதுவும் தேறிவிட்டது. தன் அசைவுக்கும் காட்சியின் மாற்றத்துக்கும் உள்ள தொடர்பைத் தானே அனுபவிக்காதவரை, காட்சி வெறும் காட்சியாகவே இருந்திருக்கிறது.

அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மாலினோ 1688இல் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் தொட்டுப் பார்த்தே கனசதுரத்தையும் உருண்டையையும் பிரித்தறிவார். திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் கண்ணால் மட்டும் எது எது என்று சொல்வாரா? முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இது வாதமாகவே இருந்தது. பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், இந்தியாவில் பிறவிப் பார்வைக் குறையோடு இருந்து தாமதமாக அறுவை சிகிச்சை பெற்ற, 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2011இல் வெளியானது. சிகிச்சை முடிந்த உடனே, கண்ணால் பார்த்த இரண்டு பொருள்களை ஒப்பிட முடிந்தது. தொட்டறிந்ததைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் சில நாள்களிலேயே அந்தத் திறன் கூடத் தொடங்கியது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர், பூனைக்குட்டிச் சோதனையைச் செய்த அதே ரிச்சர்ட் ஹெல்ட். அரை நூற்றாண்டு ஒரே கேள்வியைத் துரத்திய மனிதர்!

நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாதது ஏன்?

கையை நகர்த்தும் கட்டளை தசைக்குப் போகும்போதே, அதன் நகல் ஒன்று மூளைக்குள் வேறு இடத்துக்கும் போகிறது. 'இப்போது தோலில் இப்படி ஒரு தொடுதல் வரப்போகிறது' என்று மூளை முன்கூட்டியே கணித்து, வந்ததும் அதைக் கழித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. சாரா ஜெய்ன் பிளேக்மோரின் குழு, ஒருவர் தன் கையால் ஒரு இயந்திரக் கையை அசைத்து மறு உள்ளங்கையை வருடும்படி ஏற்பாடு செய்தது. இயந்திரம் உடனே அசைந்தால் கிச்சுகிச்சு குறைவு. 0.1, 0.2 விநாடி என்று தாமதம் கூடக் கூட, தான் செய்வதே கூச ஆரம்பித்தது. கணிப்பு தவறும்போதுதான் அது வெளியாள் தொட்டதாகிறது.

இந்த நகல் எவ்வளவு முக்கியம் என்பதை எரிக் ஃபான் ஹோல்ஸ்ட், ஹோர்ஸ்ட் மிட்டல்ஷ்டெட் இருவரும் 1950இல் ஒரு ஈயை வைத்துக் காட்டினார்கள். அதன் தலையை 180 டிகிரி திருப்பி நிறுத்தி, இரு கண்களும் இடம் மாறும்படி செய்தார்கள். சும்மா நின்றவரை ஈ ஒழுங்காக இருந்தது. நகரத் தொடங்கியதும், கணித்ததற்கு நேர்மாறான காட்சி வந்ததால், நிற்காமல் வட்டமடிக்கத் தொடங்கியது. உங்கள் கண்ணிலும் பார்க்கலாம்: கண்ணைத் தானாகத் திருப்பினால் உலகம் அசையாது. ஒரு கண்ணை மூடி, திறந்த கண்ணின் இமையோரத்தை விரலால் மெல்லத் தள்ளினால் உலகம் நகரும். விரல் தள்ளும்போது கண் தசைக்குக் கட்டளை எதுவும் போகவில்லை, கழிப்பதற்கு நகல் இல்லை.

போட்ட சட்டை உடம்பில் இருப்பதே கொஞ்ச நேரத்தில் மறந்துபோவது ஏன்?

மாறாத தூண்டலுக்கு உணரிகள் துடிப்பைக் குறைத்துக்கொள்கின்றன. மாற்றம்தான் அடுத்த செயலுக்குத் தேவையான செய்தி. மாற்றம் எவ்வளவு இருந்தால் தெரியும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஏர்ன்ஸ்ட் வேபர் 1834இல் எழுதியபடி, எவ்வளவு கூடியது என்பதைவிட ஏற்கெனவே இருந்ததில் எத்தனை பங்கு கூடியது என்பதையே உணர்கிறோம். கையில் ஏந்திய எடையில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு கூடினால் தெரியும். 1 கிலோவில் 20 கிராம் போதும், 10 கிலோவில் 200 கிராம் வேண்டும்.

கண் முன்னால் இருப்பதையே கவனிக்காமல் விடுகிறோமே?

கவனம் வேறிடத்தில் இருந்தால் கண்ணில் பட்டது நடத்தைக்கு வந்து சேராது. டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சப்ரி 1999இல் வெளியிட்ட ஆய்வில், பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், நடுவில் கொரில்லா வேடமிட்டவர் நடந்து போனதைப் பார்க்கவே இல்லை. வண்டி ஓட்டும்போது கையில் எதுவும் இல்லாமல் கைபேசியில் பேசுவதும் ஆபத்து என்பதற்கு இதுதான் அடிப்படை. கை சும்மா இருந்தாலும் கவனம் சும்மா இல்லை.

விலங்குகள் உணரும் உலகமும் நம் உலகமும் ஒன்றா?

இல்லை. தேனீக்கு நம் கண்ணுக்குப் படாத புற ஊதா ஒளி தெரியும், பூக்களில் தேன் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் கோடுகள் அந்த ஒளியில் தெரிகின்றன. வௌவால் நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியை எழுப்பி எதிரொலியால் வழி கண்டுபிடிக்கிறது என்பதை 1940 வாக்கில் டொனால்ட் கிரிஃபின் நிறுவினார்.

அந்த வௌவாலிடமிருந்து தப்பும் அந்துப்பூச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கென்னத் ரோடர் ஆராய்ந்த அந்த வகை அந்துகளின் ஒவ்வொரு காதிலும் ஒலி உணரும் செல்கள் இரண்டே இரண்டு. மெல்லிய ஒலிக்கே துடிக்கும் முதல் செல், வௌவால் தூரத்தில் வருவதைச் சொல்கிறது. எந்தப் பக்கக் காது அதிகம் துடிக்கிறதோ அதற்கு எதிர்ப் பக்கம் அந்து திரும்பிப் பறக்கிறது. பலத்த ஒலிக்கு மட்டுமே துடிக்கும் இரண்டாவது செல், வௌவால் நெருங்கிவிட்டதைச் சொல்கிறது. உடனே அந்து சிறகை மடக்கியோ கண்டபடி சுழன்றோ கீழே விழுகிறது. ராகமும் தாளமும் அதற்குக் கேட்காது. உயிர் தப்பத் தேவையான அளவுக்குக் கேட்கிறது.

வாசனை பட்டதும் பழைய நினைவு திடீரென்று வருவது எதனால்?

மற்றப் புலன்களின் செய்தி முதலில் தாலமஸ் என்ற இடைநிலையத்துக்குப் போகும். வாசனைச் செய்தி அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் பொறுப்பான பகுதிகளின் பக்கத்திலேயே போய் இறங்குகிறது. மனித மூக்கில் ஏறக்குறைய 400 வகை வாசனை உணரிகள் வேலை செய்கின்றன. அவற்றின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் 1991இல் கண்டறிந்தார்கள், 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நாக்கின் நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்ற வரைபடம் சரியா?

தவறு. 1901இல் வந்த ஒரு ஜெர்மானிய ஆய்வு சொன்ன மிகச் சிறிய வேறுபாடுகள் பிற்காலத்தில் பெரிதாக்கப்பட்டு, பாடப் புத்தகங்களில் தங்கிவிட்டன. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகிய ஐந்து சுவைகளையும் நாக்கின் எல்லாச் சுவைப் பகுதிகளும் உணரும்.

சேதமான புலன் செல்கள் திரும்ப வளருமா?

வாசனைச் செல்களும் சுவைச் செல்களும் வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்படுகின்றன. காதின் மயிர் செல்கள் பறவைகளுக்குத் திரும்ப வளரும், நமக்கு வளராது. ஒரு காதில் மொத்தமே 15,000 அளவுதான் இருக்கின்றன, அதில் மூளைக்குச் செய்தி அனுப்பும் உள்வரிசைச் செல்கள் சுமார் 3,500. 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பது ஆபத்து. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும், 88இல் நான்கு மணி, 91இல் இரண்டு மணி. காதுக்குள் மாட்டும் கருவியில் பாட்டுக் கேட்பவர்கள் தயவுசெய்து இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் திடீரென்று குறைந்தால், அழுக்கு அடைத்திருக்கும் என்று காத்திருக்காமல் ஓரிரு நாளுக்குள் காது மருத்துவரிடம் போய்விடுங்கள். அந்த நோய்க்குச் சீக்கிரம் தொடங்கும் சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம்.